குடிக்கூலியும் ஒத்தியும்

வீடு கட்டிக் குடியமர்த்த விழைவோர்க்குச் சொல்ல நம்மிடம் ஒரு சிறு அனுபவம் உண்டு. பாடம் நடத்துபவனே பாடம் கற்ற கதை அது.

தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டின் பின்புறம் வெறுமனே கிடந்த மனையில் சில ஆண்டுகட்கு முன் ஒரு சிறு வீடு எழுப்பினோம். மதரஸா ஆசிரியரின் ஊதியம் யாவரும் அறிந்ததே. முதுமையில் வாடகை வரவு ஒன்று இருப்பின் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டுவதில்லை என்று கருதினோம். தளம் போட்டாயிற்று; பூச்சுக்கும் கதவு சன்னலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் குறைந்தது. வங்கிக் கடனுக்கு வட்டி உண்டாதலின் அவ்வாயில் நமக்கு அடைபட்டது. “ஒத்திக்கு விடுங்கள் ஹஜ்ரத், ஊரெல்லாம் செய்வதுதானே!” என்றார் நண்பர் ஒருவர்.

ஒத்தியாவது, குடியிருப்பவர் ஒரு பெருந்தொகை கொடுத்து, குறித்த காலம் வாடகையின்றி வசிப்பது. தவணை முடிந்ததும் தொகை முழுவதும் திரும்பிவிடும். அனுபவ அடைமானத்தை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் ஏற்கின்றது. ஃபிக்ஹு நூல்கள் கேட்கும் கேள்வியோ வேறு. கொடுத்த தொகை குறையாது திரும்புமாயின் அது கடன். இடையே வீட்டை அனுபவித்ததற்கு விலை எங்கே? கடனுக்கு நிபந்தனையிட்டுப் பெறும் பயன் வட்டி என்பதில் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். பிற்கால ஹனஃபி அறிஞருள் சிலர், தேவை கருதி, இதனையொத்த ‘பைஉல் வஃபா’வுக்கு இடமளித்தனர் என்பதும் நாம் அறியாததன்று, ஆயினும் மனம் அமைதியுறவில்லை.

ஆகவே இஜாராவின் வழியை நாடினோம். வாடகை என்பது பயன்பாட்டின் விலை. அதனை முன்கூட்டியே பெறுதல் ஆகும். தையற்காரர் ஒருவர் குடிவந்தார். மாதம் 6,000 ரூபாய் வீதம் 24 மாத வாடகையான 1,44,000 ரூபாயை ஒருசேரத் தந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருந்தது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயமும் பணிக்கின்றதன்றோ? எழுதினோம், பதிந்தோம். ஆனால் இடையில் காலி செய்தால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதவில்லை.

பதினான்காம் மாதத்தில் அவர் வந்து நின்றார். தொழில் நொடித்துவிட்டது, மகன் இருக்கும் ஊருக்கே போகவேண்டும். எஞ்சிய பத்து மாதத்திற்குரிய 60,000 ரூபாயை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்பணமோ சுவரில் சுண்ணமாகவும் நிலையில் மரமாகவும் ஆகியிருந்தது.

அன்றிரவு நாம் நூல்களைப் புரட்டினோம். இஜாரா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். குடியிருப்பவரின் சொந்த இடர்ப்பாட்டால் அது முறியாது என்பது நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் கூற்று. தக்க காரணம் இருப்பின் முறிக்கலாம் என்பர் ஹனஃபியர். நமக்கு ஆதாயமான சட்டம் கையிலேயே இருந்தது. அதனைக் கண்டபோது எழுந்த மகிழ்ச்சியே நம்மை நாணச் செய்தது. வட்டிக்கு அஞ்சி ஒத்தியை விலக்கிய நாம், ஏழை ஒருவரின் முடையில் ஆதாயம் தேடுவதா? வருந்தி வருபவரின் ஒப்பந்தத்தை விடுவித்துக் கொடுப்போரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பான் என்னும் பொருள்பட அமைந்த நபிமொழியை எத்தனை முறை ஓதிக்கொடுத்திருப்போம்!

“அவர் பணம் அவரிடமே போகட்டும்” என்று கூறி இல்லாள் தம் வளையல்களைக் கழற்றி வைத்தார். விற்றுக் கொடுத்தோம்.

புதிய ஒப்பந்தங்களில், காலி செய்தால் எஞ்சிய வாடகை திரும்பும் என எழுதுகின்றோம். வசித்துக் கழியாத மாதத்தின் பணத்தைத் தனியே வைக்கின்றோம். கூரையும் சுவரும் பழுதுற்றால் செப்பனிடுவது உடையவன் கடன். அதற்கும் மாதந்தோறும் ஒரு பகுதி ஒதுக்குகின்றோம். சேர்ந்த வாடகை நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் இரண்டரை விழுக்காடு ஸகாத்.

வளையல்களுக்கு ஈடு இன்னும் வாங்கித் தரவில்லை. இன்ஷா அல்லாஹ், அக்கடனும் தீரும்.