மடை திருப்பின ராத்திரி

பெரியப்பா மகனும் நானும் பேசி எட்டு வருஷம் ஆச்சு. வண்டிப்பாதைத் தகராறு, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. கோயிலில் அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் கடைசிப் பெஞ்சுக்குப் போயிருவேன்.

இந்தச் சித்திரையில் அவர் கிணறு வத்திப் போச்சு. என் கிணத்தில் தண்ணி கிடந்தது. அவர் கத்தரிச் செடி வாடுதுன்னு ஊரில் பேசிக்கிட்டாங்க. உண்மையைச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்.

அந்த ஞாயித்துக்கிழமை ஐயர் (எங்க பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) லூக்கா சுவிசேஷத்திலிருந்து பேசினார். 7, 10, 15 ஆகிய மூணு அதிகாரத்திலும் ‘மனதுருகி’ என்ற சொல் வருது. மகனை இழந்த நாயீன் ஊர் விதவையைப் பார்த்த இயேசு, அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்த சமாரியன், திரும்பி வந்த இளைய மகனைப் பார்த்த தகப்பன். கிரேக்கத்தில் அது குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். நாம ‘பெத்த வயிறு’ன்னு சொல்றோமே, அந்த மாதிரி. மூணு இடத்திலும் முதலில் பார்க்கிறாங்க, அப்புறம்தான் உருகுறாங்க என்றார்.

கேட்டேன். வீட்டுக்கு வந்து கறிச்சோறு சாப்பிட்டேன். மறந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு, ராத்திரி ஒரு மணி. டவுனில் இருக்கிறவங்களுக்குச் சொல்றேன், த்ரீ பேஸ் கரண்டு வந்தால்தான் எங்க மோட்டார் ஓடும். அது வர்ற நேரம்தான் எங்களுக்கு விடியல். மோட்டாரைப் போட்டுட்டு நிமிர்ந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் டார்ச் வெளிச்சம். அண்ணனும் மதினியும் ஊர்க் குழாயில் பிடிச்ச தண்ணியைக் குடத்தில் சுமந்து செடி செடியா ஊத்திக்கிட்டிருந்தாங்க. பகலில் யாரும் பார்க்கக்கூடாதுன்னு நினைச்சிருப்பாங்க போல. மதினிக்கு முழங்கால் வலி. நாலு எட்டு வைக்கிறதும் நிக்கிறதுமா வந்தாங்க.

எட்டு வருஷமா அந்தப் பக்கம் திரும்பாதவன், அன்னைக்குப் பார்த்துட்டேன். அடிவயிறு பிசைஞ்சது.

மம்பட்டியை எடுத்து மடையை அவர் பக்கம் திருப்பிவிட்டேன். அண்ணன் டார்ச்சை வாய்க்காலில் அடிச்சார், அப்புறம் என் முகத்தில். அவரும் பேசலை, நானும் பேசலை. மதினி குடத்தை இறக்கி வச்சுட்டு வரப்பில் உட்கார்ந்துட்டாங்க.

ஆவியானவர் கிரியை செய்றதுன்னா கன்வென்ஷன் பந்தலில் கண்ணீரும் சத்தமுமா இருக்கும்னு நினைச்சிருந்தேன். அன்னைக்கு மோட்டார் சத்தம் தவிர வேற சத்தம் இல்லை. இதை என் நல்ல மனசுன்னு சொல்லமாட்டேன். என் மனசு எப்படிப்பட்டதுன்னு மேலே சொல்லியிருக்கேன். முகத்தைப் பிடிச்சு அந்தப் பக்கம் திருப்பினது வேற ஒருத்தர். என் மேல் அவருக்கு இன்னும் இரக்கம் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சது.

வழக்கு இன்னும் நடக்குது. அடுத்த வாய்தா ஆடி மாசம். செவ்வாயும் வெள்ளியும் மடை அந்தப் பக்கம் திறந்திருக்கு. பேச்சு இன்னும் ஆரம்பிக்கலை. ஆனா போன ஞாயிறு நான் பெஞ்சு மாறி உட்காரலை.