பழைய மொழியும் புதிய மொழியும்

2006ஆம் ஆண்டிலே கனடாவின் வன்கூவர் நகரில் வாழ்ந்த கிரேடன் ஹோர் என்னும் இளைஞர் வீடு திரும்பியபோது, மின்தூக்கி நின்றுபோயிருக்கக் கண்டார். அதனை இயக்கிய செய்நிரல் செயலிழந்திருந்தது. அவரது வீடோ 21ஆம் மாடியில் இருந்தது. தாமும் ஒரு செய்நிரலாளராகிய அவர், மின்தூக்கி ஒன்றைத்தானும் ஒழுங்காக இயக்க இயலாத தம் துறையினரை நொந்தவாறே படியேறினார். 'ரஸ்ட்' என்னும் புதிய கணினி மொழியை அவர் வகுக்கத் தொடங்கியது இதன் பின்னரேயாகும்.

இத்தகைய பொறிகளுக்கான செய்நிரல்கள் பெரும்பாலும் 'சீ' மொழியிலும் அதன் வழிவந்த மொழிகளிலுமே எழுதப்பட்டு வந்தன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சீ மொழி, சிக்கனமும் வேகமும் வாய்ந்தது. அது செய்நிரலாளரை முற்றாக நம்புவது. கணினியின் நினைவகத்தில் ஓரிடத்தைப் பெறுவதும், உரிய வேளையில் விடுவிப்பதும் அவரது பொறுப்பே. விடுவித்த இடத்தை அவர் மறதியால் மீண்டும் பயன்படுத்தினும், எல்லை கடந்து எழுதினும் அம்மொழி தடுப்பதில்லை. தன் மென்பொருள்களிற் காணப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளுள் நூற்றுக்கு 70 அளவானவை இத்தகைய நினைவகத் தவறுகளே என மைக்ரோசொப்ட் நிறுவனம் 2019இல் கூறியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

2015இல் முதலாவது நிலைபெற்ற பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழியோ அவ்வாறு நம்புவதில்லை. அதில் ஒவ்வொரு தரவுக்கும் உடைமையாளர் ஒருவரே. ஏனையோர் அதனை இரவலாகவே பெறலாம். ஒரே வேளையிற் பலர் பார்க்கலாம்; அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம்; இரண்டும் ஒருங்கே நிகழலாகாது. தளை தட்டிய செய்யுள் வெண்பாவாகாதது போல, இவ்விதி பிழைத்த செய்நிரலைத் தொகுப்பான் ஏற்பதில்லை.

அங்ஙனமாயின் பழையதைக் கைவிடலாமே எனச் சிலர் வினவக்கூடும். அது அத்துணை எளிதன்று. பல்லாண்டுகளாகச் சோதித்துத் திருத்தப்பட்ட செய்நிரல்களைத் திருப்பி எழுதப் புகின் புதிய தவறுகள் நுழையும். ரஸ்டைக் கற்பதும் கடினம். மேலும், சிந்தனையில் நேரும் பிழையை எந்த மொழியும் தடுக்காது. ரஸ்டில் எழுதிய செய்நிரலும் இடைநடுவில் நின்றுவிடக்கூடும்.

இவ்விடத்தே அன்ட்ரொயிட் இயங்குதளத்தின் அனுபவம் நோக்கத்தக்கது. கூகிள் நிறுவனம் பழைய செய்நிரல்களைப் பெரும்பாலும் அவ்வாறே விட்டு, புதிதாக எழுதுவனவற்றை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதலாயிற்று. 2019இல் நூற்றுக்கு 76 ஆக இருந்த நினைவகக் குறைபாடுகளின் பங்கு 2024இல் 24 ஆகக் குறைந்தது. பழையவற்றின் குறைகள் காலப்போக்கிற் களையப்படுகின்றன. புதியனவற்றிலேயே அவை மிகுதியாகத் தோன்றுகின்றன என்பதே இதற்குக் காரணமாகும். 2022 டிசெம்பரில் லினக்ஸின் கருவும் ரஸ்டுக்கு இடமளித்தது. எனினும் சீ அங்கிருந்து அகற்றப்படவில்லை.

எனவே, பழையதா புதியதா என்னும் வினாவுக்கு விடை மொழிகளின் வயதில் இல்லை. எழுதுவோரின் பழக்கமும் வசதியும் மட்டும் அதனைத் தீர்மானித்தல் தகாது. ஏனெனில், தவறிழைப்பவர் ஒருவர், படியேறுபவர் இன்னொருவர்.