அயன் உண்மையிலேயே சூடோ?

முள்ளியவளையில அம்ப்ளிபயர், ரேடியோ திருத்துற தம்பிமாருக்கு ஒரு சொல். புகையைப் பார்த்து சோல்டரிங் அயன் சூடெண்டு முடிவெடுக்காதேங்கோ. புகையிறது சோல்டர் கம்பிக்குள்ள இருக்கிற பிளக்ஸ். ஈயம் கலந்த 60/40 கம்பி 190 பாகை செல்சியஸிலேயே முழுசா உருகிடும். ஈயமில்லாத கம்பிக்கு 220 அளவில வேணும். ஆனா முனை 320–350இல நிண்டால்தான் ரெண்டு மூண்டு செக்கனில ஒட்டுப் பிடிக்கும்.

தூரத்தில நிண்டு அளக்கிற அகச்சிவப்புத் தேர்மோமீற்றரை நம்பவேண்டாம். மினுங்கிற முனையில குறைச்சுத்தான் காட்டும். சில மல்ரிமீற்றரோட தேர்மோகப்பிள் வயர் வரும். முனையில ஒரு துளி கம்பியை உருக்கி, அதுக்குள்ள வயர் நுனியை வைச்சுப் பாருங்கோ.

முனை கறுத்திருந்தா அளக்க முதல் துடைச்சு, புதுசா ஈயம் பூசுங்கோ. கனபேற்ற அயனுக்கு வருத்தமே அதுதான்.