காமன் பழகும் இரவுகள்

இலங்கை மலையகத்தின் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கும் சுற்றுலாக்காரர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நேர் அடியில் சுரங்கம். பதுளைக்குப் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழிறங்கி வந்து அந்தச் சுரங்கத்துக்குள் நுழையும். எல்லப் பக்கம் போனால் ஒன்பது வளைவுப் பாலம். 1924இல் பதுளையை எட்டிய இந்தப் பாதையைக் காண உலகமே வருகிறது. மாசி மாதத்தில் நான் வந்தது வேறு வேலையாக. தேயிலைக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில், கொழுந்து மடுவத்தைத் தாண்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்துக்குப் போனேன். அங்கே காமன் கூத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை தோட்டம் கூத்துக்குள் இருக்கும். வேஷம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். தேவர்களின் வேண்டுதலுக்காகச் சிவனுடைய தவத்தைக் கலைக்கப் புறப்படுகிறான் மன்மதன். தடுக்கிறாள் ரதி. அவன் கேட்கவில்லை; நெற்றிக் கண்ணில் எரிகிறான். கதை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எப்படி ஆடுகிறார்கள் என்பதில் இத்தனை கண்கள் ஊன்றியிருக்கின்றன.

நான் போனபோது கூத்துப் பழக்கும் மாஸ்டர் ஒரு காலைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடிப்பவர், அறுபதைத் தாண்டியவர். மன்மதனாக ஆடும் பையன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் அடவு வைக்கும்போது குதிகால் முதலில் விழுந்தது. மாஸ்டர் தப்பு மேளத்தை நிறுத்தச் சொன்னார். "தம்பி, கடைத் தரையில நடக்குற மாதிரி நடக்காத. இது சரிவு. முன்னங்காலு மொதல்ல மண்ணைப் புடிக்கணும்" என்றார். மறுபடி அடி. மறுபடி நிறுத்தம். அந்த ஒரே சுற்றை எத்தனை முறை ஆடவைத்தார் என்று எண்ணவே முடியவில்லை. பையன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போய், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுவைக்குக் கொடுத்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். மறுநாள் சுணங்கினால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், கிடைக்கும் என்று தெரிந்தும் வந்தவர்கள். எனக்குப் பக்கத்திலிருந்த ஆத்தா, ரதி கையை உயர்த்தியதும் "முழங்கை தொங்குது பாருங்க" என்று மெல்லச் சொன்னார். ஒரு நிமிடத்தில் மாஸ்டரும் அதையேதான் சொன்னார்.

ஒத்திகை பார்க்கும் இந்த ஆசை வேறு இடங்களிலும் உண்டு. டிசம்பர் வந்தால் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் "நட்கிராக்கர்" பாலே மேடையேறும். 1892இல் சென் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் ஆடப்பட்ட அந்த நாட்டியம் இன்று நத்தாரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிவிட்டது. அதன் ரசிகர்களுக்கு ஒத்திகை பார்ப்பது தனி ஆசை. 2014 முதல் ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து, பெரிய பாலே குழுக்கள் தங்கள் பயிற்சிக் கூடங்களை இணையம் வழியாகத் திறந்து காட்டுகின்றன. மேடையில் பறப்பதாகத் தெரியும் உடல் பயிற்சியில் எப்படி மூச்சிரைக்கிறது என்று பார்த்த பிறகு கலைஞர் மீது மரியாதை கூடத்தான் செய்கிறது. தெமோதரையில் நான் கண்டதும் அதே மரியாதைதான். இங்கே திறந்து காட்ட மூடிய கதவென்று ஒன்று இருந்ததே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கூத்தைச் செய்பவர்களும் பார்ப்பவர்களும் ஒரே லயத்துக்காரர்கள். விடுமுறையும் நிலவே தருகிறது: முழுநிலவு நாள் இலங்கையில் போயா.

தப்பைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஓரமாகக் காய்ந்த தேயிலை மிளாறைக் கொளுத்தி, தோலைச் சூடு காட்டிக்கொண்டே இருந்தார்கள். மலைப் பனியில் தோல் தளரும். தளர்ந்தால் ஓசை மந்தமாகும். சூடேறியதும் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று நெருப்புக்கு நீட்டினார் மூத்த தப்புக்காரர். சாவுக்கு ஓரடி, கல்யாணத்துக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி, காமனுக்கென்று தனி அடி. ரதி, மன்மதன் ஆடும்போது குழைந்து வரும் தாளம் வீரபத்திரன் வேஷம் எழும்போது வெட்டு வெட்டாக மாறுகிறது. நெஞ்சுக்குள் அறைவதைப் போலிருந்தது.

இதே தப்புதான் ஒரு காலத்தில் இருட்டோடு இருட்டாக லயத்தை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு விரட்டியது. கோப்பிக் காலத்தில் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த தோற்கருவியைத் தோட்ட நிர்வாகம் வேலைச் சங்காகப் பயன்படுத்திக்கொண்டது. இரவில் மக்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடிப்பவர்களைச் சாதி சொல்லி ஓரத்தில் நிறுத்திய வழக்கம் மலையகத்திலும் இருந்தது. அதன் எச்சம் இன்றும் சில இடங்களில் கிடக்கிறது. கூத்தின் உயிரே அவர்கள் கையில் இருக்கும்போது இந்த விலக்கம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேஷங்கள் ஆண்களுக்கே. ரதியாக ஆடுபவர் பகலில் ஆட்டோ ஓட்டுகிறார். சேலையைப் பின்னங்காலில் மிதிக்காமல் சுழல்வதற்காகவே பழைய சேலையொன்றைக் கட்டிக்கொண்டு பழகினார். ஒரு பாட்டில் அடி மறந்து அவர் தடுமாறியபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு முழுக் கூத்தும் பாடம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேஷம் கொடுங்கள் என்று மாஸ்டரிடம் நேராகவே சொன்னேன். விரதம், முறை என்றெல்லாம் தயங்கினார், மறுக்கவும் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாஸ்டரிடம் பாட்டு எழுதிய பழைய கொப்பி ஒன்று உண்டு. அவருடைய குருவின் கையெழுத்து. அந்தக் குரு இந்தியாவுக்குப் போய்விட்டார். 1948இல் குடியுரிமையற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்தன. அந்தக் கணக்கில் குடும்பங்கள் பிரிந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கூத்துச் செட்டுகள் பிரிந்ததைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. ஒரு தோட்டத்தில் மன்மதன் இருந்தால் ரதி போய்விட்டார், தப்புக்காரர் இருந்தால் பாட்டுக்காரர் போய்விட்டார். "எனக்குப் பாதிதான் சொல்லிக் குடுத்தாரு. மீதிய மத்த தோட்டத்துப் பெரியவங்ககிட்ட நடந்து நடந்து கேட்டேன்" என்றார் மாஸ்டர்.

பௌர்ணமி இரவு. அட்டைக் கிரீடத்துக்குப் புதிதாக மினுங்கல் தாள் ஒட்டியிருந்தது. முத்துவெள்ளை பூசிய முகங்கள் விளக்கில் வேறு ஆட்களாகத் தெரிந்தன. ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி, தட்டில் காசு. மன்மதன் காலை நான் பார்த்துக்கொண்டே நடந்தேன். முன்னங்கால் முதலில். சரிவான படிக்கட்டிலும் தவறவில்லை. விடியற்புறம் காமன் எரிந்தபோது ரதியின் ஒப்பாரி எழுந்தது. இரவிரவாகக் குறை கண்டுபிடித்த அதே பெண்கள், ஒவ்வோர் அசைவும் எப்படி உருவானதென்று அறிந்த பெண்கள், வாய்விட்டு அழுதார்கள். பழகுவதைப் பார்த்தால் கூத்தின் மயக்கம் கலைந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்த அழுகையைக் கேட்டிருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் மன்மதனை உயிர்த்தெழுப்பும் சடங்கு முடிந்தபின் கோயில் திடலில் கணக்கு வாசித்தார்கள். வீட்டுக்கு வீடு சேர்த்த காசு, சோடனை, சாப்பாடு, விளக்கு. கொழும்புப் பையன் எழுந்து, மீதியில் முதலில் தப்புகளுக்குப் புதுத் தோல் போடவேண்டும், அடுத்த வருடம் தப்புக்காரர்களுக்குத்தான் முதல் பந்தி என்றான். சிறிது நேரம் சத்தமாகக் கதைத்தார்கள். தலைவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். மாஸ்டரோ மாசி வரை காத்திருக்க வேண்டாம், மழை விட்டதும் தையிலேயே பழகத் தொடங்குவோம் என்றார்; பாட்டு எடுத்துக் கொடுத்த பிள்ளையையும் வரச் சொன்னார்.