அம்பாசிடருக்கு டிங்கரிங் வேலை

மஞ்சள் வித்த காசு வந்ததும் இந்த வருசம் ஒரு காரியம் பண்ணினேன். மாட்டுக் கொட்டகை ஓரமா பதினோரு வருசமா நின்னுட்டிருந்த அப்பாவோட அம்பாசிடரை டிங்கரிங் வேலைக்கு விட்டேன். 1973 மாடல், மார்க் 2. அந்தக் காலத்துல எங்க ஊருக்கே இது ஒண்ணுதான் கார். ராத்திரியில பிரசவ வலி வந்தா இதுலதான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. ஒருத்தன் பாதி வழியிலேயே பின் சீட்டுல பொறந்துட்டான். இப்ப அவன் பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு.

"இந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாமுங்க"ன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. அது நியாயமான பேச்சுதான். பையன் காயலான் கடைக்குப் போட்டுடலாம்னான். எனக்கு மனசு வரலை.

முதல்ல பார்த்த பட்டறைக்காரர், பட்டி வச்சுப் பெயிண்ட் அடிச்சு பத்து நாள்ல தர்றேன்னார். காசும் கம்மி. அடுத்து ஒரு வயசான டிங்கர் பாயைக் கூட்டிட்டு வந்தேன். அவர் மேட்டை எல்லாம் உருவிப் போட்டுட்டு, அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவரால குத்தினார். அது அந்தப் பக்கம் போயிடுச்சு. "தம்பி, இது பட்டி வச்சு மூடுற சமாச்சாரம் இல்லை"ன்னார்.

காரணம் இருக்குங்க. லாரி, ஜீப் மாதிரி அம்பாசிடருக்குத் தனியா சேசிஸ் கிடையாது. அடித்தகடும், கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடுற தகடும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. அது துருப்பிடிச்சா வண்டி நடுவுல தொய்யும். எங்க வண்டியில கதவைத் தூக்கிப் பிடிச்சுத்தான் சாத்தணும். துரு மேல பட்டி வச்சா ஈரம் உள்ளேயே நிக்கும், ஒரு மழைக்காலத்துல உப்பிக்கிட்டு வந்துடும்.

பாய் அவசரப்படலை. வண்டிக்கு அடியில முட்டுக் கொடுத்து, கதவு இருக்குற இடத்துல குறுக்கே இரும்புப் பட்டை வச்சு வெல்டு அடிச்சார். அப்புறம்தான் துருப்பிடிச்சதை வெட்டினார், அதுவும் ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம். ரெண்டையும் ஒரே நேரத்துல வெட்டினா வண்டி கோணிக்குமாம். புதுத் தகட்டைப் பொட்டுப் பொட்டா வெல்டு வச்சார். நீளமா இழுத்தா சூட்டுல தகடு நெளிஞ்சுடும். மட்கார்டுல இருந்த ஒடுக்கை உள்பக்கம் டோலி வச்சு வெளியே சுத்தியால தட்டி எடுத்தார். அதனால பட்டி தோல் கனத்துக்குத்தான் தேவைப்பட்டுது.

கதவோட அடிப்பக்கம் ஏன் அரிச்சுதுன்னு கேட்டேன். சின்ன ஓட்டைகளைக் காட்டினார். கண்ணாடி வழியா இறங்குற மழைத்தண்ணி அதுலதான் வெளியேறணும். மண்ணும் வேப்பிலையும் அடைச்சுக்கிச்சு. மஞ்சக்காட்டுல வடிகால் அடைச்சா கிழங்கு அழுகுற கதைதான் இதுவும்.

மொத்தம் மூணு மாசம், தொண்ணூறாயிரம் ரூபாய். வெள்ளைக் கலரே அடிச்சாச்சு. இப்ப ஒரு விரலால தள்ளினாலே கதவு சாத்துது.

அம்பது வருசம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதிவு பண்ண 2021-ல விதி வந்திருக்கு, பண்ணலாமான்னு பையன் கேட்டான். அப்படிப் பதிஞ்சா தினசரிக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி மாதிரி காரியங்களுக்குத்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் போகாத வண்டி எனக்கு எதுக்கு? வேண்டாம்னுட்டேன்.

பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. துணி சுத்தின காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. தகட்டுல ஒட்டும், கனமா பட்டி வச்ச இடத்துல ஒட்டாது. பெயிண்ட் பளபளப்பை நம்பாதீங்க. மேட்டைத் தூக்கிப் பாருங்க. கதவு ஓட்டையில ஒரு கம்பியை விட்டுப் பாருங்க. பாய்க்கு எழுபது வயசு ஆச்சு, கூட வேலை கத்துக்க ஆள் இல்லை. உங்க பக்கத்துலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, வேலையை இப்பவே கொடுத்துடுங்க.