பாதியாகும் நகரம்

சிட் மெயர் வடிவமைத்து 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டை என் மகன் ஆடக் கண்டேன். அதில் அணுகுண்டு வீழ்ந்த நகரின் மக்கள்தொகை பாதியாகிறது. அங்குள்ள படைகள் அழிகின்றன. சூழ்ந்த நிலம் மாசுறுகிறது. குடியேறிகளை அனுப்பி மாசகற்றினால் நகரம் மீண்டும் வளர்கிறது. எஞ்சியோர் யாவரும் நலமுற்றோரே!

ஹிரோஷிமாவின் கணக்கு அவ்வாறு முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 6இல் வீழ்ந்த ஒரே குண்டால் அவ்வாண்டிறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். பிழைத்தோரைப் புற்றுநோய் பல்லாண்டு தொடர்ந்தது.

அநியாயமாகக் கொல்லப்படும் ஓர் உயிரை மாந்தர் அனைவருக்கும் ஈடாக வைக்கிறது திருமறையின் அல்மாயிதா அத்தியாயம். அங்கு ‘நஃப்ஸ்’ என்னும் சொல் அரபு இலக்கணப்படி சுட்டின்றி வருகிறது. எவ்வூர் உயிரும், எவ்வினத்து உயிரும் அதனுள் அடங்கும். அக்கணக்கில் பாதி என்பதே இல்லை.