மதிப்பும் கண்டுமுதலும்

அரபு அகராதியைப் புரட்டுவோர் 'கர்ஸ்' என்னும் சொல்லருகே சற்று நின்றுதான் செல்ல வேண்டும். பேரீச்ச மரத்தில் தொங்கும் குலைகளை அண்ணாந்து நோக்கி, 'இதில் இவ்வளவு தேறும்' என்று கண்ணளவால் கணிப்பதற்கு அது பெயர். அதே வேருக்குப் பொய்யுரைத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. கணிப்பும் பொய்யும் ஒரே வேரில் கிளைத்திருப்பது ஏன் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. அளக்காத ஒன்றை அளந்துவிட்டதைப் போலச் சொல்லும்போது கணிப்பு பொய்யாகத் திரிந்துவிடுகிறது என்று நான் விடை கூறுவேன்.

நம் தமிழ் உழவனும் இவ்வேறுபாட்டை நன்கறிந்தவன். வயலில் நிற்கும் பயிரைப் பார்த்துச் சொல்வது மதிப்பு. அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் அளந்து எடுப்பது கண்டுமுதல். மதிப்பை நம்பிக் கடன் வாங்குவோர் உண்டு. ஆனால், மதிப்பை நம்பிக் கடனை அடைத்துவிட்டதாக ஏட்டில் எழுதுவோர் உண்டா?

இன்று நம் இல்லங்களில் அப்படியோர் ஏடு திறக்கப்பட்டிருக்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் வாசனைத் திரவியமும் போர்வையும் கொண்டு வந்தார்கள். இப்போது வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் ஸ்மார்ட் வாட்ச் கொண்டு வருகிறார்கள். அக்கடிகாரம் நேரம் காட்டுவதோடு நிற்பதில்லை. எத்தனை அடி நடந்தீர், இதயம் எத்தனை முறை துடித்தது, எத்தனை கலோரி எரித்தீர் என்றெல்லாம் சொல்கிறது. இவற்றுள் கடைசி எண்ணே மனிதரை மிகவும் மயக்குவது. மிகவும் ஆராயத்தக்கதும் அதுவே.

என் தமக்கையின் கணவர், என் மச்சான், பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர். மருத்துவர் சொற்படி விடியல் தொழுகை முடித்து நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பவர். சார்ஜாவிலிருக்கும் மகள் அனுப்பிய கடிகாரம் அவர் மணிக்கட்டில் ஏறிய பிறகு, அந்த நடைக்கு ஒரு விலை வந்துவிட்டது. "மாப்பிள்ளை, இன்று முந்நூற்று நாற்பது எரித்தாயிற்று. இனி ஒரு பரோட்டா தின்றால் என்ன? கணக்கு நேராகிவிடும்" என்பார். தமக்கை முகம் சுளித்தால் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுவார். ஆறு மாதம் இப்படிச் சென்றது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 7.2 ஆக இருந்த எண் 8.5 ஆக ஏறியது. கடிகாரத்தின் எண்ணும் இரத்தத்தின் எண்ணும் முரண்பட்டபோது, எதை நம்புவது என்ற வினா எங்கள் குடும்பத்தில் எழுந்தது. அதற்கு விடை காணவே நான் இத்துறையில் படிக்கத் தொடங்கினேன்.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் நாம் கூறும் ஒரு கலோரி. உடல் 'எரிக்கிறது' என்பது வெறும் உவமையன்று. பிரான்சு நாட்டின் லவாய்சியேவும் லாப்லாசும் 1782-83 குளிர்காலத்தில், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் கினிப்பன்றி ஒன்றை வைத்தார்கள். அதன் உடற்சூட்டால் உருகி வடிந்த நீரை நிறுத்தார்கள். அது வெளிவிட்ட கரிவளியோடு அதனை ஒப்பிட்டு, மூச்சு விடுதல் என்பது மெல்ல நடைபெறும் ஓர் எரிதலே என்று முடிவு கட்டினார்கள். உருகிய நீர் தராசில் ஏறியது. ஆகவே அது கண்டுமுதல்.

அமெரிக்காவில் அட்வாட்டர் என்னும் அறிஞர் 1890-களில் ஒரு மனிதன் நாட்கணக்கில் தங்கி உண்டு உறங்கக்கூடிய சிற்றறை ஒன்றையே அளவுகோலாக்கினார். உள்ளிருப்பவரின் உடல் வெளிவிடும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் நீர் ஏற்றுக்கொள்ள, அந்நீரின் சூடு அளக்கப்பட்டது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று நாம் இன்று கூறும் கணக்கு அவர் வழி வந்ததே. பின்னர், உள்ளிழுக்கும் பிராணவாயுவை அளந்தே செலவை அறியலாம் என்றாயிற்று. ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் ஏறத்தாழ 5 கலோரி. நடமாடும் மனிதரை அறையில் அடைக்காமலே பல நாள் செலவை அளக்க, கனமான ஐதரசனும் கனமான ஆக்சிசனும் கலந்த நீரைப் பருகச் செய்யும் முறையும் வந்தது. 1955-இல் விலங்குகளிடம் தொடங்கிய அம்முறை 1982-இல் மனிதரிடம் பயன்பட்டது.

இவையெல்லாம் களத்தில் நின்று அளப்பவை. மணிக்கட்டிலுள்ள கடிகாரமோ வரப்பில் நின்று பார்ப்பது. அது வெப்பத்தை அளப்பதில்லை, மூச்சையும் அளப்பதில்லை. கை அசைவதை ஒரு சிறு கருவியால் உணர்கிறது. தோலினுள் ஒளியைச் செலுத்தி இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தால் நாடித் துடிப்பை அறிகிறது. பிறகு, நாம் தந்த வயது, எடை, உயரம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் இட்டு, விடையைத் திரையில் எழுதுகிறது. துடிப்பு அளவை, கலோரி அனுமானம். இரண்டும் ஒரே திரையில், ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு தோன்றுவதால்தான் பார்ப்பவர் ஏமாந்து போகிறார்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. 60 பேருக்கு 7 வகைக் கருவிகளை அணிவித்து, நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் செய்து, மூச்சுக்காற்றின் அளவோடு ஒப்பிட்டார்கள். நாடித் துடிப்பில் 7-இல் 6 கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கியது. கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு. 27 விழுக்காடு குறைத்து நிறுக்கும் கடைக்காரரிடம் நாம் இரண்டாம் முறை செல்வோமா?

பிசகு எங்கிருந்து வருகிறது? இதயம் வேலைக்காக மட்டும் விரைவதில்லை. சித்திரை வெயிலுக்கும், காய்ச்சலுக்கும், கடுந்தேநீருக்கும், கவலைக்கும் அது விரையும். இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளை உண்பவரின் இதயமோ கடுமையாக உழைத்தாலும் விரையாது. கையசைவும் அவ்வாறே. என் துணைவி ரொட்டிக்கு மாவு பிசைகையில் அக்கடிகாரத்தை அவர் கையில் கட்டிப் பார்த்தோம். நின்ற இடத்தை விட்டு அவர் நகரவில்லை. ஆனால் கடிகாரம் அடிகளை எண்ணிக்கொண்டே போயிற்று. இரு கைகளிலும் தண்ணீர்க் குடத்தைத் தாங்கி அவர் கொல்லையிலிருந்து நடந்து வந்தபோது, கை அசையாததால் பாதி அடிகள் கணக்கில் ஏறவில்லை. காலமெல்லாம் பெண்டிர் செய்யும் வேலையைக் கணக்கில் விடும் பழக்கத்தைக் கருவியும் கற்றுக்கொண்டது போலும் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை!

சூத்திரத்திலும் ஒரு குறை உண்டு. சும்மா அமர்ந்திருக்கும் மனிதர் கிலோவுக்கு நிமிடத்திற்கு 3.5 மில்லிலிட்டர் பிராணவாயு செலவிடுவார் என்பது நெடுங்கால வழக்கு. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 769 பேரை அளந்தபோது சராசரி ஏறத்தாழ 2.6-தான் இருந்தது. அடிப்படையே மிகையானால் அதன்மேல் எழுப்பும் மாடி எவ்வாறு நேராக நிற்கும்? மேலும், மேனாட்டாரைக் கொண்டு வகுத்த சூத்திரங்கள் காட்டுவதைவிட இந்தியரின் ஓய்வுநிலைச் செலவு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் கருதினர். ஒரே எடையில் நம்மவர் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது இயல்பு. தசையே அதிகம் செலவிடுவது.

ஆயின், சாமானியர் ஒருவர் கருவி காட்டும் எண்ணை எவ்வாறு சீர்தூக்குவது? அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வாய்ப்பாடு தெரிந்தால் போதும். சமதரையில் நடப்பவர், தம் எடையை நடந்த கிலோமீட்டரால் பெருக்கிப் பாதியாக்கினால், நடைக்கென்று கூடுதலாகச் செலவான கலோரி ஏறத்தாழக் கிடைக்கும். ஓடுபவர் பாதியாக்க வேண்டியதில்லை. மச்சானின் எடை 68 கிலோ. ஒரு மணியில் நடப்பது 4 கிலோமீட்டர். 68-ஐ 4-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 136. கடிகாரம் சொன்னதோ 340!

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த ஒரு மணி நேரம் அவர் திண்ணையில் அமர்ந்திருந்தாலும் உயிர் தரிக்க ஏறத்தாழ 68 கலோரி செலவாகியே இருக்கும். பல கருவிகள் அதனையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். அதைச் சேர்த்தாலும் 204-தான் வருகிறது. இருந்தாலும் செலவாகும் தொகையை நடந்து ஈட்டிய வருவாயாகக் கருதலாகுமா? உண்மையான ஈட்டம் 136. ஒரு மேசைக்கரண்டிச் சமையல் எண்ணெய் 120 கலோரி என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேர நடை, ஒரு கரண்டி எண்ணெய்க்குச் சற்று மேல்! பரோட்டாக் கல்லில் ஊற்றப்படும் எண்ணெயைக் கண்டவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ள டிரெட்மில்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் எடையைக் கேளாமலே கலோரி கூறும் இயந்திரம் வேறு யாருடைய எடைக்கோ கணக்குக் கூறுகிறது. கைப்பிடியைப் பற்றிச் சாய்ந்துகொண்டு நடந்தால் உழைப்பு குறையும். ஆனால் இயந்திரம் எண்ணைக் குறைக்காது.

எண் சரியாகவே இருப்பினும், நடையில் செலவானது முழுவதும் நாளின் கணக்கில் கூடிவிடும் என்பதற்கில்லை. தான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் நாட்செலவை அளந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளெல்லாம் நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் அளவைக் கருத்திற்கொண்டு பார்த்தால், நாற்காலியில் அமர்ந்து வாழும் மேனாட்டாருடையதை ஒத்திருந்தது. ஓரிடத்தில் கூடுதலாகச் செலவிடும் உடல், வேறிடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்று அவ்வாய்வாளர் கருதினர்.

அப்படியானால் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிடலாமா? அதுவும் அறிவுடைமை ஆகாது. அரபு நூலோர் அறிவைத் தரம் பிரித்து, உறுதியை 'யகீன்' என்றும், ஒருபுறம் சாயும் கருத்தை 'ளன்னு' என்றும், இருபுறமும் சமமாய் நிற்கும் ஐயத்தை 'ஷக்கு' என்றும் பெயரிட்டனர். கலோரி எண் ளன்னின் பாற்பட்டது. ளன்னைக் கொண்டு நடத்தத்தக்க காரியங்கள் உண்டு. நேற்றைய நடையோடு இன்றைய நடையை, சென்ற வாரத்தோடு இவ்வாரத்தை ஒப்பிட அது உதவும். எப்போதும் ஒரே அளவு பிசகும் படிக்கல்லைக் கொண்டும் எது அதிகம், எது குறைவு என்று அறியலாம் அல்லவா? ஆனால் அப்படிக்கல்லால் நிறுத்துப் பணம் கொடுக்கலாகாது. உணவைக் கூட்டுவதும் மருந்தைக் குறைப்பதும் பணம் கொடுப்பதைப் போன்றவை. அவற்றுக்கு யகீனுக்கு அணித்தான சான்று வேண்டும்.

சர்க்கரையைச் சோதிக்கும் வீட்டுக் கருவிக்குக்கூட உலகத் தர நிறுவனம் 2013-இல் ஓர் எல்லை வகுத்தது. 100-க்கு மேற்பட்ட அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் 15 விழுக்காட்டுப் பிழைக்குள் அடங்க வேண்டும். தன் பிழையின் எல்லையைக் கூறும் கருவி நேர்மையான சாட்சி. பிழையைக் கூறாமல் 340 என்று ஒன்றின் தானம்வரை துல்லியம் காட்டும் கருவியைக் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டும்.

மச்சானிடம் இவற்றையெல்லாம் காகிதத்தில் பெருக்கிக் காட்டினேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியென்றால் நான் நடந்ததெல்லாம் வீணா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். அக்குரலில் இருந்த சோர்வு என்னை வருத்தியது. வீணன்று. நடை தசைக்குச் சர்க்கரையை ஏற்கும் திறனைத் தருகிறது, இதயத்தைக் காக்கிறது, உறக்கத்தைத் தருகிறது. இவற்றுள் ஒன்றும் கலோரி என்னும் நாணயத்தில் எண்ணப்படுவதில்லை. பரோட்டா வாங்குவதற்காக நடக்கும்போதுதான் நடை மலிவாகிறது. இதைச் சொன்னபோது தமக்கை சிரித்தார், அவரும் சிரித்தார். கடிகாரம் இன்றும் அவர் கையில் இருக்கிறது. கலோரி காட்டும் பக்கத்தை மட்டும் பேரனைக் கொண்டு மறைத்துவிட்டார்.

அன்பர்களே, கருவி தரும் எண்ணைக் காணும்போதெல்லாம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதில் அளந்தது எது, ஊகித்தது எது? என் உடலைப் பற்றி இதற்கு என்ன தெரியும்? இவ்வெண் பாதியாகக் குறைந்தாலும் நான் இதே முடிவைத்தான் எடுப்பேனா? மூன்றாம் வினாவுக்கு 'ஆம்' என்று விடை வந்தால் தயங்காமல் செயற்படுங்கள். 'இல்லை' என்று வந்தால், தட்டில் கை வைக்குமுன் தராசையும் இரத்தப் பரிசோதனையையும் மருத்துவரையும் நாடுங்கள். அவையே நமக்குக் களம்; அங்கே அளந்து வருவதே கண்டுமுதல்.